விதை அனுப்பக் காகித உறையா, பாலிதீன் பையா?

கத்தரி, வெண்டை, அவரை, சுரை போன்ற நாட்டுக் காய்கறி விதைகளை உழவர்கள் தங்களுக்குள் அஞ்சலிலும் கூரியரிலும் அனுப்பிக்கொள்வது இப்போது பெருகி வருகிறது. ஓர் ஊரில் அருகிவிட்ட ரகம் இன்னோர் ஊரில் தழைக்க இது உதவுகிறது. ஆனால் விதையை எந்த உறையில் அனுப்புவது என்பதில் பலருக்கும் ஐயம் உண்டு. "பிளாஸ்டிக் கெடுதல் என்கிறார்களே, காகித உறையே போதுமா?" என்று பயிற்சி வகுப்புகளில் கேட்கிறார்கள்.

இதில் நானே ஒரு முறை தவறு செய்திருக்கிறேன். 2017 ஐப்பசியில், வீட்டுத் தோட்டத்து வெண்டை விதையை என் தங்கைக்கு அனுப்பினேன். அடைமழைக் காலம் என்பதால் பாலிதீன் பையில் போட்டு வாயை நன்றாக ஒட்டினேன். ஆனால் விதை சரியாகக் காயவில்லை. தை மாதம் விதைக்கப் பிரித்தபோது, "அண்ணா, பையைத் திறந்ததும் பூஞ்சை வாடை அடிக்குது. ஊன்றின விதையில் பத்தில் ஒன்றுகூட முளைக்கலை" என்றாள். ஒரு பட்டம் வீணாயிற்று.

விதையும் மூச்சு விடும்

விதை உயிருள்ள பொருள். அது சிறிது சிறிதாக மூச்சு விட்டுக்கொண்டே இருக்கிறது. ஈரம் மிகுந்தால் மூச்சும் மிகும், சூடு உண்டாகும், பூஞ்சாணம் பற்றும், முளைப்புத் திறன் குறையும். பொதுவாக விதையின் ஈரப்பதத்தில் 1 சதம் குறைந்தால் அதன் ஆயுள் இரு மடங்காகும் என்பது விதை நூலார் கண்ட கணக்கு. 5 முதல் 14 சத ஈரப்பதம் வரை இது ஓரளவு பொருந்தும்.

காகிதத்திலும் துணியிலும் காற்று புகுந்து வரும். வெயில் காலத்தில் இது நல்லதே. விதையில் மிஞ்சியுள்ள ஈரம் வெளியேற வழியுண்டு. மழைக்காலத்திலோ வெளிக்காற்றின் ஈரத்தை விதை இழுத்துக்கொள்ளும். பாலிதீன் பை ஈரத்தை உள்ளே விடாது. உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியேயும் விடாது. காய்ந்த விதைக்கு அது காவல், ஈர விதைக்கோ சிறை.

இதனால்தான் விதைச் சான்றளிப்பில் இருவித அளவுகள் உள்ளன. கத்தரி, தக்காளி, மிளகாய் விதைகளைச் சாதாரணப் பையில் வைக்க ஈரப்பதம் 8 சதம் வரை இருக்கலாம். ஈரம் புகாத பையில் வைக்க 6 சதத்தைத் தாண்டக் கூடாது. வெண்டைக்கு இவை முறையே 10, 8 சதம். நெல்லுக்கு 13, 8 சதம். பிளாஸ்டிக் பையில் போடுவதென்றால் விதை இன்னும் கூடுதலாகக் காய வேண்டும் என்பதை மறக்கலாகாது.

சுற்றுப்புறத்திற்கு எது நல்லது?

காகிதம் என்றாலே கேடில்லை என்று எண்ணிவிடக் கூடாது. கூழ் காய்ச்ச நீரும் எரிபொருளும் மிகுதியாக வேண்டும். ஒரே அளவுள்ள காகிதப் பை பாலிதீன் பையைவிடப் பல மடங்கு எடையுள்ளது. கடைப் பைகளைப் பற்றி இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் துறை 2011ல் வெளியிட்ட ஆய்வின்படி, புவி வெப்பமாதல் என்ற கணக்கில் மட்டும், ஒரே முறை பயன்படும் மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு ஈடாகக் காகிதப் பையை 3 தடவையும், பருத்தித் துணிப்பையை 131 தடவையும் பயன்படுத்த வேண்டும்.

எனினும் இந்தக் கணக்கில் நம் மாட்டின் வயிறு சேரவில்லை. வரப்பில் எறிந்த பாலிதீன் மக்குவதில்லை. அதைத் தின்ற மாட்டின் வயிற்றில் அது திரண்டு அடைத்துக்கொள்கிறது. காகிதமோ எருக்குழியில் மக்கி உரமாகும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளைத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்ததற்கு இத்தகைய கேடுகளே காரணம்.

மறுசுழற்சிக்கு வரும்போது, இரண்டையும் ஒன்றாக ஒட்டிய உறைதான் மிகவும் மோசமானது. உட்புறம் பிளாஸ்டிக் பூசிய காகிதமும், குமிழ்த்தாள் ஒட்டிய உறையும் காகித ஆலைக்கும் தொல்லை, பிளாஸ்டிக் ஆலைக்கும் தொல்லை. எருக்குழிக்கும் ஆகாது. காகித நார் சுமார் 5 முதல் 7 முறை வரை மீண்டும் காகிதமாகும். ஆனால் எண்ணெயோ பிளாஸ்டிக்கோ கலவாமல் இருக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

1. விதையைக் காலை 8 முதல் 12 மணி வரையும், பிற்பகல் 3 முதல் 5 மணி வரையும் வெயிலில் உலர்த்துங்கள். உச்சி வெயில் ஆகாது. ஆறிய பிறகே உறையில் இடுங்கள். ஐயமிருந்தால் விதைப் பரிசோதனை நிலையத்தில் ஈரப்பதம் பார்த்துக்கொள்ளுங்கள்.

2. கோடையில், சில நாட்களில் சேர்ந்து உடனே விதைக்கப்படும் விதைக்குப் பழுப்புக் காகித உறையோ துணிப்பையோ போதும்.

3. மழைக்காலத்திற்கும், மாதக்கணக்கில் வைத்திருக்கும் விதைக்கும் 700 கேஜ் கனமுள்ள பாலிதீன் பை வேண்டும். நன்கு காய்ந்த விதையை இட்டு, வாயை ரம்பத் தகட்டின் மேல் மடித்து, மெழுகுவர்த்திச் சுடரில் ஓட்டி ஒட்டிவிடலாம்.

4. காய்வது உறுதியில்லை என்றால் பாலிதீன் வேண்டாம். காகிதத்தில் அனுப்பி, பெற்றவரை மீண்டும் உலர்த்தச் சொல்லுங்கள்.

5. பாலிதீன் பையைக் காகித உறைக்குள் தனியாக வையுங்கள்; ஒட்ட வேண்டாம். பிளாஸ்டிக் நாடாவுக்குப் பதில் பசையோ நூலோ பயன்படுத்துங்கள். அந்நாளில் பார்சலைக் காடாத் துணியில் தைத்து அனுப்பியதை நினைவிற் கொள்ளுங்கள்.

6. ரகத்தின் பெயர், அறுவடை செய்த மாதம், உலர்த்திய நாள் ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள்.

7. பெற்றவர் காகிதத்தை எருக்குழியில் இடலாம். பாலிதீனைத் துடைத்து, அடுத்த விதைக்கு வைத்துக்கொள்ளலாம். கிழிந்தால் பழைய பொருள் வாங்குபவரிடம் சேர்க்கலாம். எரிக்கவோ வயலில் எறியவோ கூடாது. மருந்து கலந்த விதை இருந்த பையில் உணவுப் பொருளை ஒருபோதும் வைக்கக் கூடாது.

எனவே, காகிதமா பாலிதீனா என்று கேட்குமுன், "விதை காய்ந்ததா? எத்தனை நாள் உறையில் இருக்கும்?" என்று கேளுங்கள். விடை அதிலேயே கிடைத்துவிடும். உழவர் பெருமக்கள் இம்முறையைக் கடைப்பிடித்து, விதையையும் மண்ணையும் ஒருசேரக் காத்துப் பயன் பெறுவார்களாக.