குளிர் தீண்டிய இரைப்பை

வேளைக்குச் சாப்பிடாதவர்களுக்கு வயிற்றுப் புண் வரும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதும், 1982-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில் வாரன், மார்ஷல் என்னும் இரு வைத்தியர்கள் வளர்த்துக் காட்டிய கிருமியே பெரும்பாலும் அதற்குக் காரணம் என்று வைத்திய சாஸ்திரம் சொல்வதும் நாம் அறிந்தவையே. ஆனால், கிருமியின் துணையின்றி, தேகம் முழுவதையும் உலுக்கும் ஓர் ஆபத்து நேர்ந்த சில மணி நேரத்திற்குள்ளாகவே இரைப்பையின் உட்புறம் புண்பட்டுப் போவதும் உண்டு.

ரஷ்ய தேசத்திலே கடுங்குளிரில் அகப்பட்டு மாண்டவர்களின் சடலங்களைப் பரிசோதித்த விஷ்னெவ்ஸ்கி என்ற வைத்தியர், அவர்களுடைய இரைப்பையின் உட்சவ்வில், மடிப்புகளின் மேட்டிலே, கறுத்த புள்ளிகள் சிறுத்தையின் தோலைப் போலச் சிதறிக் கிடப்பதைக் கண்டு 1895-இல் எழுதி வைத்தார். நுண்ணிய நாளங்களிலிருந்து கசிந்த ரத்தம் அமிலம் பட்டுக் கறுத்துப்போன தடங்கள் அவை. எல்லாச் சடலங்களிலும் காணப்படாவிட்டாலும், குளிரால் நேர்ந்த மரணமென்று ஐயுறும்போது தடயவியல் வைத்தியர்கள் இன்றும் அவற்றைத் தேடிப் பார்க்கிறார்கள்.

கனடாவின் மான்ட்ரியல் நகரிலே, புதிய ஹார்மோன் ஒன்றைத் தேடி எலிகளுக்குச் சினைப்பைச் சாற்றை ஊசிமூலம் ஏற்றிவந்த ஹான்ஸ் செல்யே, சாறு எதுவானாலும், ஏன், வெறும் நச்சுத் திரவமானாலும்கூட, ஒரே விதமான சேதமே விளைவதைக் கண்டு திகைத்து, குளிர், காயம், மிதமிஞ்சிய உடலுழைப்பு என ஒவ்வொன்றாகச் சோதித்து, அட்ரினல் சுரப்பி வீங்குவதும் தைமஸ் சுரப்பி சுருங்குவதும் இரைப்பை புண்படுவதும் அனைத்திற்கும் பொதுவென்று 1936-இல் ‘நேச்சர்’ பத்திரிகையில் வெளியிட்டார். ஹார்மோனைத் தேடிய முயற்சி வீணாயிற்று என்று சோர்ந்துவிடாமல், அந்தப் பொதுத்தன்மையிலேயே உண்மை இருக்கிறதென்று அவர் பற்றிக்கொண்டதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

இரைப்பையில் சுரக்கும் அமிலம் மாமிசத்தையே கரைக்க வல்லது. அது இரைப்பையின் சுவரைத் தின்றுவிடாதபடி காப்பது வழவழப்பான ஒரு படலமும், அதன் அடியில் ஊறும் காரச்சத்துமே. இவற்றை இடைவிடாமல் உண்டாக்கவும், புண்பட்ட அணுக்களைப் புதுப்பிக்கவும் ரத்தம் வேண்டும். கடுங்குளிரோ, பெருங்காயமோ தாக்கும்போது, பிராணனைக் காக்கவேண்டி, தேகம் வயிற்றின் ரத்தநாளங்களைச் சுருக்கி, இருதயத்துக்கும் மூளைக்கும் ரத்தத்தைத் திருப்பிவிடுகிறது. ஆகவே, பெரும்பாலும் அமிலம் மிகுந்ததால் அல்ல, வழக்கமான அமிலத்தைத் தாங்கும் சக்தி குன்றியதாலேயே புண் உண்டாகிறது. நின்ற ரத்தம் மீண்டும் பாயும்போது சேதம் இன்னும் கூடுவதும் உண்டு.

தீப்புண் பட்டவர்களுக்கு இப்படிச் சிறுகுடலின் தொடக்கத்தில் புண் வருவதை 1842-இலேயே லண்டன் வைத்தியர் கர்லிங் விவரித்தார். இன்று தீவிர சிகிச்சைப் பிரிவில், வலியைச் சொல்ல வாயில்லாமல் கிடக்கும் நோயாளியின் மூக்குவழிக் குழாயில் காப்பிப்பொடி நிறத்தில் திரவம் ஏறி வருவதுதான் பல சமயங்களில் முதல் அறிகுறி. செயற்கைச் சுவாசக் கருவியில் இரண்டு நாளுக்கு மேல் இருப்பவர்களுக்கும், ரத்தம் உறையும் தன்மை குறைந்தவர்களுக்கும் ஆபத்து அதிகமாதலால், அவர்களுக்கு அமிலத்தைக் குறைக்கும் மருந்தைக் கொடுத்து, கூடிய சீக்கிரத்தில் அதே குழாய் வழியாகத் திரவ உணவையும் செலுத்தத் தொடங்குகிறார்கள். உணவு போய்ச் சேர்ந்தால் வயிற்றுக்கு ரத்த ஓட்டம் கூடுகிறது.