நித்திரை வராத இரவுகளும் அறிதுயிலும்

உயர்தர வகுப்பில் படிப்பவர்களிடம் “எத்தனை மணிக்கு நித்திரைக்குப் போவீர்கள்?” என்று கேட்டால், ஒரு மணி, இரண்டு மணி என்று பெருமையாகச் சொல்வார்கள். நானும் அப்படிச் சொன்னவள்தான். ஆனால் இவ்வருட ஆரம்பத்தில், புத்தகத்தை மூடி விளக்கை அணைத்த பின்னரும் நித்திரை வராமல் போனது. சுபஹ் பாங்கு கேட்கும்வரை புரண்டுகொண்டு கிடந்த இரவுகள் பல.

ஒருநாள் யாருக்கும் சொல்லாமல், வீட்டில் இருந்த தடிமன் குளிசை ஒன்றை விழுங்கிவிட்டுப் படுத்தேன். நித்திரை வந்தது. மறுநாள் மாதிரிப் பரீட்சையில் வினாத்தாளின் எழுத்துக்கள் மிதந்தன. அத்தகைய குளிசைகள் சிலவற்றிலுள்ள மருந்து, மூளையை விழிப்பாக வைத்திருக்கும் ஹிஸ்டமினைத் தடுக்கிறது. அந்த மயக்கம் விடிந்த பின்னரும் நீடிக்கும். அழுதுகொண்டே உண்மையைச் சொன்னபோது உம்மா ஏசவில்லை. அடுத்த நாளே வைத்தியரிடம் கூட்டிப் போனார்.

வைத்தியர் சொன்னதைப் பெற்றோரும் அறிய வேண்டும். நித்திரையை இரண்டு விடயங்கள் கொண்டுவருகின்றன. ஒன்று, விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் சேரும் அடினோசின். பின்னேரம் குடிக்கும் தேநீரிலுள்ள கஃபீன் அதன் வேலையைத்தான் மறைக்கிறது. குடித்து ஐந்து மணித்தியாலம் கழிந்தும் ஏறக்குறைய பாதி கஃபீன் உடலில் இருக்கும். மற்றையது உடலின் உள்மணிக்கூடு. பருவ வயதில் மெலற்றோனின் ஓமோன் இரவில் பிந்தியே சுரக்கத் தொடங்குகிறது. அதனால் பத்து மணிக்கு எங்களுக்குக் கண் சொக்காமல் இருப்பது பிடிவாதமல்ல. ஆனாலும் இவ்வயதில் 8 முதல் 10 மணித்தியால நித்திரை தேவை. பாடசாலை மணியோ எங்களுக்காகப் பிந்துவதில்லை.

பிறகு வைத்தியர், “கட்டிலில் இருந்தா படிக்கிறீர்கள்?” என்று கேட்டார். ஆம் என்றேன். பவ்லோவின் நாய் மணிச்சத்தத்துக்கு உமிழ்நீர் சுரந்தது போல, என் மூளை கட்டிலைக் கண்டதும் விழிக்கப் பழகியிருந்தது! அதே பாடத்தை வகுப்பில் படித்தவள் நான்.

அவர் எங்களை உளவியலாளர் ஒருவரிடம் அனுப்பினார். அவர் அறிதுயில் என்றதும் உம்மாவின் முகம் மாறிவிட்டது. “மனோவசியமா? வசியம், சூனியம் எல்லாம் நமக்கு வேண்டாம் மகள்” என்று என் கையைப் பிடித்தார். தவறு உம்மாவில் இல்லை, அந்தச் சொல்லில்தான். மேடையில் ஒருவர் விரல் சொடுக்க மற்றவர் கோழி போலக் கூவும் காட்சிகளும் அப்பயத்தை வளர்த்துவிட்டன.

உண்மையில் 1841 இல் மான்செஸ்டரில் அப்படியொரு மேடைக் காட்சியைச் சந்தேகத்தோடு பார்க்கப் போன ஜேம்ஸ் பிரெய்ட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர்தான், அதில் மாய சக்தி எதுவும் இல்லை, கவனம் ஒரே இடத்தில் குவிவதே காரணம் என்று விளக்கினார். கிரேக்கரின் நித்திரைத் தெய்வமான ஹிப்னோஸின் பெயரால் அதற்கு ஹிப்னோட்டிசம் என்ற பெயர் வந்தது. அது நித்திரை அல்ல என்று கண்டு பின்னர் அவரே பெயரை மாற்ற முயன்றார், மக்கள் விடவில்லை. அறிதுயிலில் இருப்பவரின் மூளை அலைகள் விழித்திருப்பவருடையவை போன்றே இருக்கும். அவருக்குச் சத்தம் கேட்கும், விரும்பினால் எழுந்து போகலாம்.

“நீங்களும் பக்கத்தில் இருங்கள்” என்று உளவியலாளர் உம்மாவுக்குக் கதிரை போட்டார். கண்ணை மூடி மூச்சை எண்ணச் சொன்னார். கால்விரல் தொடங்கி நெற்றி வரை ஒவ்வோர் உறுப்பாகப் பாரம் இறங்குவதாக மெல்லிய குரலில் சொன்னார். பின் ஒரு மீன், கடலில் மெதுவாக ஆழத்துக்கு, இன்னும் ஆழத்துக்கு நீந்தியது. இந்த மீன் சுவிட்சர்லாந்திலிருந்து வந்தது. 2014 இல் வெளியான ஆய்வொன்றில் இளம் பெண்களுக்கு இப்படியொரு ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டிப் பகல் நித்திரை கொள்ள வைத்தார்கள். அறிதுயிலுக்கு எளிதில் வசப்படுவோரின் ஆழ்நித்திரை சுமார் 80 வீதம் கூடியது. அப்படி வசப்படாதோருக்கு அந்தப் பயன் கிடைக்கவில்லை. ஆகவே தோழிக்குப் பலித்தது உங்களுக்குப் பலிக்காவிட்டால் குறை உங்களில் இல்லை.

அறிதுயில் தனியே போதாது என்றும் அவர் சொன்னார். நாட்பட்ட நித்திரையின்மைக்கு முதலில் பழக்கத்தையும் எண்ணத்தையும் திருத்தும் சிகிச்சையே தேவையாம். படிப்பை மேசைக்கு மாற்றினேன். பின்னேரத் தேநீரை விட்டேன். கைத்தொலைபேசி இரவில் வாப்பாவின் அலுமாரியில். விடுமுறையிலும் ஒரே நேரத்தில் எழும்புகிறேன். இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமானது. மூச்சுத் திணறும் குறட்டை, வாரக்கணக்கில் நீங்காத மனச்சோர்வு உள்ளவர்கள் ஒலிப்பதிவைத் தேடாமல் வைத்தியரையே நாட வேண்டும். இல்லாத குரல்கள் கேட்கும் மனநோய் உள்ளவர்களுக்கு அறிதுயில் தீங்காகலாம்.

இப்போது பெரும்பாலான இரவுகளில் மீன் அடிக்கடலை அடையுமுன் நான் நித்திரையாகிவிடுகிறேன். பௌதிகவியல் தவணைப் பரீட்சைக்கு முந்திய இரவு மட்டும் அது மேலேயே சுற்றியது. கட்டிலில் புரளாமல் எழுந்து போய் முன்வாசலில் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் உம்மாவும் வந்து பக்கத்தில் இருந்தார். இருவரும் ஒன்றும் பேசவில்லை.