ஈயச்சொம்பும் எக்ஸ் கதிரும்



என் தமக்கையார் தம் மகளுக்குச் சீர்வரிசையில் வைத்த பாத்திரங்களுள் ஓர் ஈயச்சொம்பும் இருந்தது. ரசம் வைப்பதற்கென்றே கும்பகோணத்துக் கடை ஒன்றில் வாங்கியது. அந்தப் பெண்ணுக்கு இப்போது இரண்டு வயதில் ஒரு குழந்தை இருக்கிறது. ரசம் பிசைந்த சோறு ஊட்டும் பருவம். அந்த வேளையில் அண்டை வீட்டார் யாரோ, "ஈயம் நஞ்சாயிற்றே!" என்று சொல்லிவிட, சொம்பு அடுப்பிலிருந்து இறங்கிப் பரணில் ஏறியது. தமக்கையார் என்னைப் பார்த்து, "நீ பௌதிகம் படித்தவன்தானே, தம்பி? இது நல்ல ஈயமா, கெட்ட ஈயமா என்று பார்த்துச் சொல்லேன்" என்றார்.

கேள்வி எளியது, ஆனால் சரியான கேள்வி. நம் மொழியில் ஈயம் என்னும் ஒரே சொல் இரண்டு உலோகங்களைக் குறிக்கிறது. ஒன்று வெள்ளீயம், மற்றொன்று காரீயம். பழைய உரோமானியரும் பிளம்பம் என்னும் ஒரு சொல்லை வைத்துக்கொண்டு, வெள்ளைப் பிளம்பம், கறுப்புப் பிளம்பம் என்றே பிரித்து வழங்கினர். அணுக் கணக்கில் இவை தொலைவில் நிற்பவை. வெள்ளீயத்தின் அணு எண் 50. காரீயத்தின் அணு எண் 82. ரசச் சொம்பு வெள்ளீயத்தால் ஆகவேண்டியது. அது 232 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருகிவிடும். ஆதலால்தான் வெறும் சொம்பை அடுப்பில் ஏற்றக்கூடாது என்று பாட்டிமார் எச்சரித்தனர். காரீயமோ வெள்ளீயத்தைவிட மிக மலிவு. கலந்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. புளிப்பில் சிறிது சிறிதாகக் கரையும். குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இந்த அளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க காரீய அளவு எதுவும் அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து.

ஆர்க்கிமிடீசைப் போல நீரில் அமிழ்த்தி எடை பார்க்கலாமே என்று உங்களுள் சிலர் நினைக்கலாம். வெள்ளீயத்தின் அடர்த்தி 7.3, காரீயத்துக்கு 11.3. நூற்றுக்கு ஐந்து பங்கு எடையுள்ள காரீயத்தைக் கலந்தாலும் அடர்த்தி 7.4க்குச் சற்று மேலே போகும், அவ்வளவே. வீட்டுத் தராசுக்கு அது எட்டாது. ஒரு துண்டை அறுத்து அமிலத்தில் கரைத்துப் பார்ப்பது உறுதியான வழி; சீர்ச்சொம்பில் அரத்தை வைக்கத் தமக்கையார் இசையவில்லை. நகைக்கடைகளில் காரட் மீட்டர் என்று ஒரு பெட்டி இருக்கிறதே, அதில் வைக்கலாமே என்றால், சொம்பு அதன் சிற்றறைக்குள் புகவில்லை. ஆயினும் அந்தப் பெட்டி எந்த வழியில் வேலை செய்கிறதோ அந்த வழியையே நாமும் கைக்கொள்ளலாம் என்று தோன்றியது. எக்ஸ் கதிர் ஒளிர்தல் என்பது அதன் பெயர்.

அணுவின் நடுவிலுள்ள கருவைச் சூழ்ந்து எலெக்ட்ரான்கள் கூடுகூடாக அமைந்திருக்கின்றன. வெளியிலிருந்து வலிய கதிர் ஒன்று பாய்ந்து, உட்கூட்டிலுள்ள எலெக்ட்ரானைத் தட்டி வெளியேற்றிவிட்டால், அங்கே ஓர் இடம் காலியாகிறது. பந்தியில் முன்வரிசை இலை காலியானால் பின்வரிசைக்காரர் அங்கே வந்து அமர்வதுபோல, மேற்கூட்டு எலெக்ட்ரான் ஒன்று கீழே இறங்கி அந்த இடத்தைப் பிடிக்கிறது. இறங்கும்போது மிஞ்சும் ஆற்றல் ஓர் எக்ஸ் கதிராக வெளிப்படுகிறது. இந்த ஆற்றல் ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒவ்வொரு விதம். இதனைக் கிலோ எலெக்ட்ரான் வோல்ட் என்னும் அலகால் அளக்கிறார்கள்; நான் சுருக்கமாக அலகு என்றே சொல்லிச் செல்கிறேன். இரும்பு 6.4 அலகு; செம்பு 8.0, வெள்ளி 22.2, வெள்ளீயம் 25.3. உலோகம் தன் பெயரைத் தானே சொல்லிவிடுகிறது.

இந்த எண்களில் ஓர் ஒழுங்கு இருப்பதை 1913ஆம் ஆண்டில் கண்டவர் ஹென்றி மோஸ்லி என்னும் ஆங்கிலேய இளைஞர். அணு எண்ணில் ஒன்றைக் கழித்து, வருவதை வர்க்கப்படுத்தி, 10.2 எலெக்ட்ரான் வோல்ட்டால் பெருக்குங்கள். இரும்புக்கு அணு எண் 26, 25இன் வர்க்கம் 625, பெருக்கினால் 6,375. அளந்து கண்டது 6,400. இவ்வளவு எளிய கணக்கு இவ்வளவு அருகில் வந்து நிற்பதை நான் மாணவனாக இருந்தபோது முதன்முறை போட்டுப் பார்த்த மாலைப்பொழுது இன்னும் நினைவில் இருக்கிறது. மோஸ்லியின் வரிசையில் 72ஆம் இடம் காலியாக நின்றது. 1923இல் கோப்பன்ஹேகன் நகரத்தில் காஸ்டரும் ஹெவெசியும் சிர்கான் என்னும் கனிமத்தின் எக்ஸ் கதிர்க் கோடுகளை ஆராய்ந்து, அங்கே ஹாஃப்னியம் என்னும் தனிமம் ஒளிந்திருப்பதை வெளியிட்டனர். மோஸ்லி அதைக் காணவில்லை. முதல் உலகப் போரில் படையில் சேர்ந்து, 1915 ஆகஸ்டில் கலிப்பொலியில் தம் 27ஆம் வயதில் குண்டுபட்டு இறந்துவிட்டார்.

இனிக் கருவிக்கு வருவோம். வேண்டுவன மூன்று: தட்டுவதற்கு ஒரு கதிர் மூலம், திரும்பி வரும் கதிரை உணரும் கருவி, வந்தவற்றை ஆற்றல் வாரியாக எண்ணும் கணக்கன். அயல்நாடுகளில் பொழுதுபோக்காக இத்துறையில் ஈடுபடும் ஆர்வலர்கள், வீடுகளில் மாட்டும் புகை எச்சரிக்கைப் பெட்டிகளுக்குள் இருக்கும் அமெரிசியம்-241 பொட்டுகளைக் கதிர் மூலமாகக் கொள்வதுண்டு. அது 59.5 அலகுள்ள காமாக் கதிரையும், 14 முதல் 21 அலகு வரையுள்ள சில எக்ஸ் கதிர்களையும் ஓயாமல் வெளிவிடும், மின்சாரம் வேண்டாம். உணர்கருவியாகப் பழைய சோடியம் அயோடைடு படிகங்களைச் சிலரும், சிலிக்கான் டையோடுகளைச் சிலரும் கையாள்கின்றனர். ஒரு கதிர் விழுந்தால் ஒரு மின்துடிப்பு எழும். துடிப்பின் உயரம் கதிரின் ஆற்றலுக்கு ஏற்றதாக இருக்கும். அந்தத் துடிப்புகளைச் சற்றே நீட்டிக் கணிப்பொறியில் ஒலிவாங்கிக்கு உரிய வாயில் செலுத்தி, பாட்டைப் பதிவதுபோல் பதிந்து, உயர வாரியாகப் பிரித்துவிடுகிறார்கள். இந்தச் சாமர்த்தியத்தை எண்ணி நான் பலமுறை வியந்ததுண்டு.

இந்த இடத்தில் ஒரு கண்டிப்பான சொல். புகைப் பெட்டியை உடைத்து அந்தப் பொட்டைத் தொட நீங்கள் முயலவே கூடாது. அதில் உள்ளது கண்ணுக்குத் தெரியாத அளவே. நொடிக்கு 37,000 சிதைவுகள் அளவில் இருக்கும். வெளியே இருக்கும்வரை பெருந்தீங்கு இல்லை. மேற்பூச்சு கீறிப்போய்த் தூளாகி மூச்சிலோ வாயிலோ புகுந்தால், எலும்பிலும் ஈரலிலும் தங்கி, வாழ்நாள் முழுவதும் ஆல்ஃபாத் துகள்களைப் பொழிந்துகொண்டிருக்கும். அதன் அரை ஆயுள் 432 ஆண்டுகள். நம் நாட்டில் இவ்வாறு பிரித்தெடுப்பது விதிகளுக்கும் மாறானது. வீட்டில் உயர் மின்னழுத்தம் ஏற்றி எக்ஸ் கதிர்க் குழாய் செய்ய நினைப்பதோ அதனினும் கொடிது. எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி அந்தக் கதிரால் கைகளை இழந்து 1904இல் மாண்டார். நான் கையாண்டது கல்லூரி ஆய்வுக்கூடத்தில் முறைப்படி அனுமதி பெற்று வைத்திருந்த, மூடி முத்திரையிட்ட அமெரிசிய மூலம். உணர்கருவி, பழைய மாணவர் ஒருவர் இரவல் தந்த சிறிய சிலிக்கான் டையோடு.

கதிர் மூலத்திலிருந்து கதிர் நேரே உணர்கருவியில் விழுந்தால் கணக்குக் குழம்பிவிடும். ஆகவே இரண்டுக்கும் இடையே காரீய வளையம் ஒன்றை வார்த்து வைத்தேன். கதிர் சொம்பின்மேல் மட்டும் படவேண்டும். சொம்பிலிருந்து எழுவது மட்டும் உணர்கருவிக்கு வரவேண்டும். அளவுகோலைத் திருத்த, ஒரு செம்புக் கம்பியையும் ஒரு வெள்ளிக் காசையும் வைத்து, அவற்றின் முகடுகள் எங்கே எழுகின்றன என்று குறித்து, இடையே நேர்கோடு வரைந்தேன். பிறகு இரும்பு ஆணியை வைத்தேன். கோடு சொன்ன இடத்திலேயே 6.4 அலகில் முகடு எழுந்தது. மகிழ்ச்சியோடு சொம்பை வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலையில் திரையைப் பார்த்தேன். 25.3 அலகில் வெள்ளீய முகடு கோபுரம்போல் நின்றது. ஆனால் 10.5, 12.6 என்னும் இரண்டு இடங்களிலும் இரண்டு குன்றுகள் தெரிந்தன. அவை காரீயத்தின் அடையாளங்கள். காரீயத்தின் உட்கூட்டு எலெக்ட்ரானைத் தட்ட 88 அலகு வேண்டும். நம் மூலத்துக்கு அந்த வலிமை இல்லை. ஆதலால் அதன் இரண்டாம் கூட்டிலிருந்து எழும் கதிர்களையே நாம் காண்கிறோம். ஆர்சனிக் என்னும் நஞ்சும் 10.5 அலகில் முகடு காட்டும், 12.6இல் காட்டாது. இரண்டும் சேர்ந்து நின்றால் காரீயமே.

எனக்குச் சினம் மூண்டது. கும்பகோணத்துக் கடைக்காரரைத் தொலைபேசியில் அழைத்து, குழந்தை உண்ணும் பாத்திரத்தில் கலப்படம் செய்யலாமா என்று கடுமையாகவே கேட்டுவிட்டேன். அவர் எதிர்த்துப் பேசவில்லை. "மூன்று தலைமுறையாக வார்க்கிறோம், ஐயா. நேரில் வாருங்கள், பட்டறையைப் பாருங்கள்" என்று மட்டும் சொன்னார்.

அன்று மாலை சொம்பை எடுத்துவிட்டுக் கருவியை அணைக்க மறந்துபோனேன். இரவெல்லாம் அது ஒன்றுமில்லாத வெற்றிடத்தைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தது. காலையில் வந்து பார்த்தால் வெள்ளீய முகடு இல்லை; காரீயக் குன்றுகள் இரண்டும் அப்படியே நிற்கின்றன. சொம்பு இல்லாத இடத்தில் காரீயம் எங்கிருந்து வந்தது? நான் வார்த்து வைத்த காரீய வளையத்திலிருந்துதான்! காவலுக்கு நிறுத்தியவனே கதிர் பட்டு ஒளிர்ந்துகொண்டிருந்தான். நான் எதை வைத்து அளந்திருந்தாலும், அம்மியை வைத்திருந்தாலும், காரீயம் என்றே அது சொல்லியிருக்கும். முதல் நாளே வெற்று அளவை ஒன்று எடுத்திருந்தால் ஒரு பெரியவரிடம் அப்படிப் பேசியிருக்க மாட்டேன்.

திருத்தம் எளிதாயிற்று. வளையத்தின் உட்புறத்தில் இரண்டு மில்லிமீட்டர் கனமுள்ள அலுமினியத் தகட்டைச் சுற்றினேன். காரீயத்தின் கதிர்கள் அதில் பெரும்பாலும் விழுங்கப்படுகின்றன. அலுமினியமும் ஒளிரத்தான் செய்யும். ஆனால் அதன் கதிர் 1.5 அலகே ஆதலால் காற்றிலேயே தேய்ந்து மறையும். அதே காரணத்தால் அலுமினியப் பாத்திரத்தையோ மண்பானையின் சிலிக்கானையோ இந்தக் கருவியால் காண இயலாது. இதையும் நினைவிற் கொள்ளுங்கள். 2023 ஆகஸ்டில் நிலவின் தென்முனைப் பகுதியில் ஊர்ந்த சந்திரயான்-3இன் பிரக்யான் ஊர்தியும், கியூரியம்-244 என்னும் கதிரியக்க மூலத்தை மண்ணின்மேல் காட்டி, எழும் எக்ஸ் கதிர்களை எண்ணியே கந்தகம் முதலியவற்றைக் கண்டது; அங்கே காற்று இல்லாமையால் மெல்லிய கதிர்களும் அகப்பட்டன.

புதிய அமைப்பில் வெற்று அளவை எடுத்தேன். காரீய இடங்கள் ஏறக்குறையத் தட்டையாயின. சொம்பை வைத்தேன், வெற்று அளவைக்கு மேல் ஒன்றும் எழவில்லை. அப்படியானால் காரீயமே இல்லை என்று சொல்லிவிடலாமா? இங்கேதான் நிதானம் வேண்டும். இத்தகைய எண்ணிக்கையில் ஏற்ற இறக்கம் எண்ணின் வர்க்கமூலத்தின் அளவு இருக்கும். நூறு எண்ணினால் பத்துப் பிசகலாம். பத்தாயிரம் எண்ணினால் நூறுதான் பிசகும். சிறிய முகடு இந்த அலைச்சலுக்குள் மறைந்துவிடும். எவ்வளவு சிறியது மறையும் என்று அறிய, வேதியியல் துறை நண்பர் ஒருவர், புகை வெளியேற்றும் பெட்டிக்குள் தூய வெள்ளீயத்தை உருக்கி, நிறுத்த காரீயம் சேர்த்து, மூன்று வில்லைகள் வார்த்துத் தந்தார். நூற்றுக்குப் பத்து கலந்தது உடனே தெரிந்தது. ஐந்து கலந்தது ஒரு மணி நேரத்தில் தெரிந்தது. ஒன்று கலந்தது இரவு முழுவதும் எண்ணியும் ஐயமாகவே இருந்தது. மேலும், காரீயத்தின் கதிர் வெள்ளீயத்துக்குள்ளிருந்து ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு ஆழம் வரையில்தான் நன்றாக வெளிவரும். நான் பார்த்தது சொம்பின் தோலை மட்டுமே.

ஆகவே தமக்கையாரிடம் நான் சொல்லக்கூடியது இவ்வளவே: சொம்பு வெள்ளீயம், பார்த்த பரப்பில் காரீயம் நூற்றுக்கு ஒன்று, இரண்டுக்கு மேல் இல்லை, அதற்குக் கீழே எனக்குத் தெரியாது. குழந்தைக்கு அந்தத் தெரியாத பகுதிதானே முக்கியம்! தமக்கையாரும் அதையே கேட்டார். கடைசியில் சொம்பின் அடியில், கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில், சிறிது சுரண்டி எடுக்க இசைந்தார். அதை உலோகச் சோதனைக்கூடம் ஒன்றுக்கு அனுப்பினோம். விடை வரும்வரை ரசம் எவர்சில்வர் பாத்திரத்தில் கொதித்தது.

இதற்கிடையே நான் கும்பகோணம் சென்றேன். கடைக்காரரிடம் என் பிழையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் காப்பி வரவழைத்தார். வளையம் ஒளிர்ந்த கதையைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு உள்ளே போய், வெவ்வேறு வியாபாரிகளிடம் வாங்கியிருந்த ஈயக் கட்டிகளில் மூன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, "இவற்றையும் உங்கள் பெட்டியில் வைத்துப் பாருங்கள், ஐயா" என்றார். முதல் இரண்டில் வெற்று அளவைக்கு மேல் ஒன்றும் இல்லை. மூன்றாவதில் அரை மணிக்குள் 10.5இலும் 12.6இலும் முகடுகள் எழுந்தன. நான் வெற்று அளவையை இரண்டு முறை எடுத்து, கட்டியைப் புரட்டி வைத்து மீண்டும் எண்ணினேன், முகடுகள் நின்றன. செய்தி சொன்னதும், அந்த வியாபாரியிடம் வாங்கிய கட்டிகள் அனைத்தையும் பட்டறையிலிருந்து எடுத்துத் தனியே சாக்கில் கட்டி வைத்துவிட்டதாகத் தெரிவித்தார். அந்தக் கட்டிகளில் ஏற்கெனவே வார்த்து விற்ற சொம்புகள் எத்தனை என்று அவர் கணக்கேட்டைப் புரட்டிக்கொண்டிருக்கிறார். தமக்கையாரின் சொம்பைப் பற்றிய விடை சென்ற வாரம் வந்தது. காரீயம் கண்டறியத்தக்க அளவில் இல்லை என்று எழுதியிருந்தார்கள். சொம்பு பரணிலிருந்து இறங்கிவிட்டது.