மெயில் சர்வர் திரும்பத் திரும்பக் கெட்டது ஏன்? – எங்கள் கடை அனுபவம்



கம்ப்யூட்டரைப் பற்றி எழுத நாங்கள் பெரிய படிப்புப் படித்தவர்கள் அல்லர். பள்ளிப் படிப்போடு கடைக்கு வந்து, மூட்டைக் கணக்கு எழுதிப் பழகியவர்கள். ஆனால் அண்மையில் சங்கக் கூட்டத்தில் உறுப்பினர்கள் இருவர், பில் போடும் கம்ப்யூட்டரில் கணக்கு அழிந்துவிட்டது, சரிசெய்தும் மறுபடி அழிகிறது என்று வருத்தத்தோடு சொன்னார்கள். 2013ஆம் ஆண்டு எங்கள் கடையில் நடந்ததும் ஏறக்குறைய அதேதான். ஒரே பழுதுக்கு மூன்று முறை கூலி கொடுத்த பிறகுதான் அதன் வேர் எங்களுக்குத் தெரிந்தது. அதை எழுதினால் நாலு பேருக்கு உதவும் என்று கருதுகிறோம்.

மிளகாய், பருப்பு மொத்த வியாபாரம் எங்களுடையது. கடை, இரண்டு கிளைகள், குடோன் ஆகியவற்றுக்குச் சேர்த்து 2011ல் சொந்தமாக மெயில் சர்வர் வைத்தோம். மைக்ரோசாஃப்ட் ஸ்மால் பிசினஸ் சர்வர் 2011. அதற்குள் எக்ஸ்சேஞ்ச் 2010 என்ற மெயில் மென்பொருள். விலை உறுதி, லாரி நம்பர், பேங்க் தகவல் எல்லாம் அதில்தான் வந்து போயின. 2013 ஆகஸ்டில் ஒருநாள் காலை எவர் கம்ப்யூட்டரிலும் மெயில் திறக்கவில்லை. டேட்டாபேஸ் கரப்ட் ஆகிவிட்டது என்றார் மெக்கானிக். இரவு வரை உட்கார்ந்து சரிசெய்தார். தீபாவளிச் சரக்கு இறங்கும் நேரத்தில், அக்டோபரில், மறுபடியும் அதே கதை. 2014 ஜனவரியில், பொங்கலுக்கு மூன்று நாள் முன்பு, மூன்றாவது முறை.

இது எப்படி வேலை செய்கிறது என்பதை நம் பாஷையில் சொல்லிவிடுகிறோம். டேட்டாபேஸ் என்பது பேரேடு. அதற்கு முன்னால் சிட்டை ஒன்று உண்டு. அதை லாக் என்கிறார்கள். வருகிற கடிதம் முதலில் சிட்டையில் ஏறும். பிறகு நேரம் பார்த்துப் பேரேட்டில் ஏறும். எக்ஸ்சேஞ்ச் 2010ல் சிட்டை ஒவ்வொன்றும் 1 எம்பி, பேரேட்டின் பக்கம் ஒவ்வொன்றும் 32 கேபி. பக்கத்தை எழுதும்போதே அதற்கு ஒரு கூட்டுத்தொகையையும் போட்டு வைக்கும். பின்னால் அந்தப் பக்கத்தைப் படிக்கும்போது மறுபடி கூட்டிப் பார்க்கும். தொகை இடித்தால், மைனஸ் 1018 என்று ஒரு பிழை எண்ணைக் காட்டும்.

இந்த எண்ணின் பொருளைத்தான் எங்களுக்கு யாரும் முதலில் சொல்லவில்லை. மென்பொருள் சரியாகக் கூட்டி எழுதக் கொடுத்தது. திரும்பி வந்தது வேறாக இருக்கிறது. ஆகவே கோளாறு பெரும்பாலும் அதற்குக் கீழே இருக்கும். ஹார்டு டிஸ்க், டிஸ்க்கை இயக்கும் கார்டு, அதன் டிரைவர், மெமரி இவற்றில் ஒன்றாக இருக்கும். மெயில் மென்பொருளை எத்தனை முறை சரிசெய்தாலும் அந்தக் கோளாறு போகாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சர்வர் திடீரென்று நின்றால் டேட்டாபேஸின் நிலை டர்ட்டி ஷட்டவுன் என்று காட்டும். பெயரைக் கேட்டால் பயமாக இருக்கிறது. சிட்டையில் உள்ளது இன்னும் பேரேட்டில் ஏறி முடியவில்லை என்பதுதான் அதன் அர்த்தம். சிட்டைகள் வரிசை குறையாமல் இருந்தால், சர்வர் மறுபடி ஓடும்போது தானாகவே ஏற்றிக்கொள்ளும். இதைக் கண்டு மிரண்டு உடனே ரிப்பேரில் இறங்குவது தவறு.

ரிப்பேர் என்பது என்ன? ஈஎஸ்இ-யூடில் என்று ஒரு கருவி. அதில் பி என்ற கட்டளையைக் கொடுத்தால், கூட்டு இடிக்கிற பக்கங்களைக் கிழித்துப் போட்டுவிட்டு மீதியைத் தைத்துக் கொடுக்கும். பேரேடு திறக்கும். கிழித்த பக்கத்தில் இருந்தது போனது போனதுதான். பழைய சிட்டையை அதன்மேல் ஏற்றவும் முடியாது. வேறு வழியே இல்லாதபோது கடைசியாகக் கையில் எடுக்க வேண்டியது அது. எங்கள் மெக்கானிக் முதலாவதாக எடுத்தார். மறுநாள் மெயில் வந்ததும் நாங்களும் அவரைப் பாராட்டி அனுப்பினோம்.

பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது. ஜூலையில் ஒரு வெளியூர்ப் பார்ட்டி 120 குவிண்டால் மிளகாய்க்கு விலை உறுதி செய்து எழுதிய கடிதத்தைக் காணோம். பில் வந்தபோது குவிண்டாலுக்கு 350 ரூபாய் கூட்டிப் போட்டிருந்தார்கள். நாங்கள் ஒப்புக்கொண்ட விலை இதுவல்ல என்றோம். கடிதத்தைக் காட்டுங்கள் என்றார்கள். காட்ட ஒன்றுமில்லை. 42,000 ரூபாயைக் கட்டினோம். பணம் போனதைவிட, நாற்பது வருடம் வியாபாரம் செய்தவர்கள் ஒரு சீட்டைப் பத்திரப்படுத்தத் தெரியாமல் நின்றோமே என்பதுதான் உறுத்தியது.

பேக்கப் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது, ஜூன் மாதத்தோடு நின்றுபோயிருந்தது. பார்க்க ஆளில்லை. பழைய பேக்கப்பை வைத்து, அதற்குப் பிந்திய சிட்டைகளை வரிசையாக ஏற்றியிருந்தால் கடிதம் கிடைத்திருக்கும். ஆனால் பேக்கப் ஓடாததால் சிட்டைகள் சேர்ந்து டிஸ்க் நிரம்பியபோது, பேரேட்டில் ஏறிய சிட்டையை உடனுக்குடன் அழித்துவிடும்படி மெக்கானிக் மாற்றி வைத்திருந்தார். சர்குலர் லாகிங் என்று பெயர். இடம் மிச்சமாகும் என்று எங்களிடம் சொன்னார். நாங்களும் தலையாட்டியிருக்கிறோம்.

இரண்டாவது முறை பழி ஆன்டி-வைரஸ் மேல் விழுந்தது. அதிலும் உண்மை உண்டு. டேட்டாபேஸும் சிட்டையும் இருக்கும் ஃபோல்டர்களை ஆன்டி-வைரஸ் துழாவக்கூடாது; ஒரு சிட்டையை வைரஸ் என்று நினைத்து எடுத்து ஒதுக்கிவிட்டால் வரிசை அறுந்துபோகும். அந்த ஃபோல்டர்களை விலக்கி வைத்தோம். ஆனால் எங்கள் நோய் அதுவல்ல என்று ஜனவரி மாதம் காட்டிவிட்டது.

மூன்றாவது முறை மதுரையிலிருந்து வேறொரு தம்பியை வரவழைத்தோம். அவர் ரிப்பேரைத் தொடவே இல்லை. கெட்டுப்போன டேட்டாபேஸை அப்படியே வேறு டிஸ்க்கில் ஒரு நகல் எடுத்து வைத்தார். பிறகு சர்வரின் ஈவென்ட் பதிவைத் திறந்து, ஜூலையிலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். மைனஸ் 1018 வரும்போதெல்லாம் 474 என்ற எண்ணில் ஒரு பதிவு விழுமாம். முதல் 474 ஜூலையிலேயே விழுந்திருந்தது. எவரும் பார்க்கவில்லை. சர்வர் எதிர்பாராமல் அணைந்ததற்கு 6008 என்று இன்னொரு பதிவு. அதுவும் பல நாட்களில் இருந்தது.

“அண்ணாச்சி, கரண்ட் போன நாள் ஏதாவது எழுதி வைத்திருக்கிறீர்களா?” என்றார். அந்த வருடங்களில் தமிழ்நாட்டு மின்வெட்டு எப்படி இருந்தது என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். எங்கள் குடோன் ஆள் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றிய கணக்கை, ஓடிய நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதி வந்தார். அந்த நோட்டைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தால், 6008 விழுந்த நாளெல்லாம் ஜெனரேட்டர் ஓடிய நாள். 474 மட்டும் சில நாள் தள்ளித் தள்ளி விழுந்திருந்தது. பக்கம் கெட்ட அன்று தெரியாது, அந்தப் பக்கத்தைப் படிக்கப் போகிற அன்றுதான் தெரியும் என்று விளக்கினார்.

யூபிஎஸ் இருக்கிறதே என்றோம். பிளக்கைப் பிடுங்கிக் காட்டினார். பத்து விநாடிகூட நிற்கவில்லை. பேட்டரி போய் எத்தனை மாதமோ!

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. கரண்ட் போனாலும் பேரேடு கெடக்கூடாது என்பதற்காகத்தானே சிட்டை வைத்திருக்கிறார்கள்? அதற்கு அவர் சொன்ன பதில்தான் எங்களைத் தலைகுனிய வைத்தது. டிஸ்க்கை இயக்கும் கார்டுக்குள் சிறிது மெமரி உண்டு. எழுதச் சொன்னதை அதில் வாங்கி வைத்துக்கொண்டு, எழுதியாகிவிட்டது என்று உடனே பதில் சொல்லிவிடும். டிஸ்க்கில் பிறகு சாவகாசமாக எழுதும். நடுவில் கரண்ட் போனால் காப்பாற்ற அந்தக் கார்டிலேயே ஒரு சின்ன பேட்டரி இருக்கும். எங்கள் கார்டின் பேட்டரி செத்திருந்தது. பேட்டரி போனதும் கார்டு தானே உஷாராகி, நேரடியாக டிஸ்க்கில் எழுதிவிட்டுப் பதில் சொல்லும் மெதுவான முறைக்கு மாறியது. மெயில் மெதுவாகிவிட்டது என்று ஜூன் மாதம் மெக்கானிக்கைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டது நாங்கள்தான். அவர் பேட்டரி இல்லாவிட்டாலும் வேகமான முறையிலேயே ஓடும்படி கட்டாயப்படுத்தி வைத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஒவ்வொரு மின்வெட்டிலும், எழுதியாகிவிட்டது என்று சொல்லிவிட்டு எழுதாமல் விட்ட பக்கங்கள் சேர்ந்துகொண்டே வந்தன. அவரை மட்டும் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

கார்டுக்குப் புது பேட்டரி போட்டோம். யூபிஎஸ் பேட்டரிகளை மாற்றி, சார்ஜ் குறைந்தால் சர்வர் தானே ஒழுங்காக அணையும்படி சிக்னல் ஒயரும் கொடுத்தோம். சர்குலர் லாகிங்கை எடுத்துவிட்டு, எக்ஸ்சேஞ்சைப் புரிந்து பேக்கப் எடுக்கும் முறையில் தினமும் இரவு, இரண்டு டிஸ்க்குகளில் மாற்றி மாற்றி எடுத்தோம். இருமுறை தைத்த பழைய பேரேட்டை நம்பாமல், புதிதாக டேட்டாபேஸ் ஒன்று உண்டாக்கி, எல்லோருடைய மெயிலையும் அதற்கு மாற்றினார் தம்பி. பி கட்டளையில் ரிப்பேர் ஆன டேட்டாபேஸைக் காலி செய்துவிட வேண்டும் என்று 2015ல் மைக்ரோசாஃப்டே அறிவித்தது. சர்வர் பெட்டிக்குள் ஃபேனில் அப்பியிருந்த மிளகாய்த் தூளைத் துடைத்த பையன் அரைமணி நேரம் தும்மினான் என்பது தனிக்கதை. அதற்குப் பிறகு ஒருமுறைகூட 474 விழவில்லை.

அந்தக் கடிதமும் கிடைத்தது. ஜூலைக் கடைசியில் வேலையை விட்டுப் போன கிளார்க்கின் லேப்டாப் பீரோவில் கிடந்தது. அவருக்கும் அந்தக் கடிதத்தின் நகல் வந்திருந்தது. அவுட்லுக் தன் கம்ப்யூட்டரிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளும். நெட்வொர்க் ஒயரைப் பிடுங்கிவிட்டு, வைஃபையையும் அணைத்துவிட்டுத்தான் அதைத் திறக்க வேண்டும் என்றார் தம்பி. இணைப்போடு திறந்தால், சர்வரில் இல்லாததை இதிலும் அழித்துவிடக்கூடும். கடிதத்தை பிரிண்ட் எடுத்துப் பார்ட்டிக்கு அனுப்பினோம். அடுத்த லோடில் பாதித் தொகையைக் கழித்துக் கொடுத்தார்கள். மீதிக்கு நாங்கள் வற்புறுத்தவில்லை.

எக்ஸ்சேஞ்ச் 2010க்கு நிறுவனத்தின் ஆதரவு 2020 அக்டோபர் 13 அன்று முடிந்தது. அந்த ஆண்டே மெயிலை வாடகைச் சேவைக்கு மாற்றிவிட்டோம். எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 இரண்டுக்கும் 2025 அக்டோபர் 14 அன்று ஆதரவு முடிந்திருக்கிறது. இன்னும் அவற்றை ஓட்டுகிறவர்கள் கவனிக்கவும். நம்மைப் போன்றவர்கள் சொந்த மெயில் சர்வர் வைத்துக் கஷ்டப்பட வேண்டியதில்லை என்பது எங்கள் அபிப்பிராயம்.

ஆனால் பில்லும் கணக்கும் பலருக்குக் கடையிலுள்ள கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. கணக்குக் கெட்டுப்போய்ச் சரிசெய்ய ஆள் வந்தால், கைவைப்பதற்கு முன் முழு டேட்டாவையும் நகல் எடுக்கச் சொல்லுங்கள். ரிப்பேரில் என்ன போயிற்று என்று கேளுங்கள். ஏன் கெட்டது என்பதற்குப் பதில் கிடைக்காமல் கூலியைக் கொடுக்காதீர்கள். எங்கள் கடையில் மாதத்தின் முதல் ஞாயிறு, கடை சாத்திய பிறகு, மெஷினை அணைத்துவிட்டு, யூபிஎஸ்ஸில் ஒரு குண்டு பல்பை மாட்டிப் பிளக்கைப் பிடுங்குகிறோம். எத்தனை நிமிடம் எரிகிறது என்பதைக் குடோன் ஆள் அதே டீசல் நோட்டில் எழுதி வருகிறார்.