குழாய்த் தண்ணீரில் கிடைத்த துப்பு

1880களின் தொடக்கம். லண்டனில் மருத்துவர் சிட்னி ரிங்கர், தவளையின் இதயத்தைத் தனியே எடுத்து உப்புக் கரைசலில் துடிக்கவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மணிக்கணக்கில் துடித்தது. வெறும் உப்பே போதும் என்று நினைத்தார். பிறகுதான் தெரிந்தது, அந்தக் கரைசலைக் குழாய்த் தண்ணீரில் தயாரித்திருக்கிறார்கள். அதே உப்பைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து ஊற்றினால் துடிப்பு சீக்கிரமே அடங்கிவிட்டது. குழாய்த் தண்ணீரில் இருந்த கால்சியம், நாம் சுண்ணாம்புச் சத்து என்போமே, அதுதான் இதயத்தை இயக்கியிருக்கிறது. 1883இல் தன் முடிவைத் தானே திருத்தி எழுதினார்.

நம் மூளை நினைவைப் பதிப்பதற்கும் இதே கால்சியம்தான் வேண்டும். நரம்பு செல்லுக்கு வெளியே இருப்பதில் ஏறத்தாழ 10,000இல் ஒரு பங்குதான் உள்ளே உலவும். செல்சவ்வில் என்எம்டிஏ என்றொரு வாசல். அதை ஒரு மெக்னீசிய அயனி தக்கைபோல அடைத்துக்கொண்டிருக்கும். பக்கத்து செல் குளூட்டமேட் என்ற தூது வேதிப்பொருளை அனுப்பினால் மட்டும் தக்கை நகராது. அதே நேரத்தில் இந்த செல்லும் கிளர்ந்திருக்க வேண்டும். இரண்டும் கூடினால்தான் கால்சியம் உள்ளே பாயும். அது எழுப்பிவிடும் ஒரு நொதி, கால்சியம் வடிந்த பின்னும் சற்று நேரம் ஓயாது; தன்மேலேயே அடையாளம் குத்திக்கொண்டு வேலையைத் தொடர்ந்து, அந்த இரு செல்களின் இணைப்பை வலுவாக்கும்.

1986இல் பிரிட்டனில் ரிச்சர்ட் மோரிஸ் குழுவினர் எலிகளின் மூளையில் இந்த வாசலை மருந்தால் அடைத்துவிட்டு, கலங்கிய நீரில் நீந்தவிட்டார்கள். கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் பாடம் அவற்றுக்கு வந்தது. நீருக்கடியில் மறைந்திருந்த மேடை எந்த இடத்தில் என்பது மட்டும் சரியாகப் பிடிபடவில்லை.

வந்த கால்சியம் உடனே போகவும் வேண்டும். அதற்காக செல் நிறைய ஆற்றலைச் செலவழிக்கிறது. வயதாக ஆக இந்தக் கட்டுப்பாடு தளர்கிறது. நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் பகுதியில், முதிய எலிகளின் செல்கள் ஒருமுறை துடித்தபின் கால்சியத்தால் வரும் அயர்வு நீண்டுபோவதை 1984இல் கண்டார்கள். வீட்டுப் பெரியவர் "தெரிஞ்ச முகம்தான், பேருதான் வரமாட்டேங்குது" என்று நெற்றியைத் தேய்க்கும்போது, எனக்கு இப்போது அந்த செல்கள்தான் நினைவுக்கு வருகின்றன. அவசரப்படுத்த மனம் வருவதில்லை.

இதைப் படித்துவிட்டு கால்சியம் மாத்திரையைக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். அது எலும்புக்கானது; ரத்தத்தில் கால்சியத்தின் அளவை உடல் கறாராகக் காக்கிறது. சிக்கல் செல்லின் வாசலில். 1989இல் வயதான முயல்களுக்கு நிமோடிபின் என்ற மருந்தைக் கொடுத்து வேறொரு வகைக் கால்சிய வாசலைச் சற்றே அடைத்துப் பார்த்தார்கள். மனிதரின் மறதிக்கு அது உறுதியான மருந்தாக நிலைபெறவில்லை. ஆனால் அந்த முயல்கள், ஒலி கேட்டதும் கண்ணில் காற்று பீச்சப்போகிறது என்பதை விரைவாகக் கற்று, முன்கூட்டியே இமையை மூடிக்கொண்டன.