கைரேகையும் ஆள் அடையாளமும்

பத்திரத்தில் பெருவிரல் ரேகை வைப்பது குடியானவர்களுக்குப் புதிதன்று. 1858-ம் வருஷத்திலேயே வங்காளத்து ஜங்கிபூரில் ஹெர்ஷல் துரை ஓர் ஒப்பந்தத்திற்குக் கைப்பதிவு வாங்கினார். இப்போது ரேகையை யந்திரமே ஒத்துப் பார்க்கிறது.

யந்திரம் ரேகைகள் முடியும் இடங்களையும் கிளைக்கும் இடங்களையும் குறித்துக்கொண்டு, அவற்றின் அமைப்பை முற்பதிவுடன் பொருத்துகிறது. ஆதார் எண்ணைச் சொல்லி விரல் வைப்பவரை அவ்வெண்ணுக்குரிய ஒரே பதிவுடன் ஒப்பிடுவது சரிபார்த்தல். எண்ணின்றி, எல்லாப் பதிவுகளிலும் ஆளைத் தேடுவது கண்டறிதல். ஒருவரே இருமுறை ஆதார் பெறாதபடி புதுப் பதிவின்போது இவ்வாறு தேடப்படுகிறது.

இரு பதிவுகள் அச்சாக ஒத்துவரா. ஒப்புமைக்கு ஒரு மதிப்பே கிடைக்கும். அது குறித்த அளவுக்குக் குறைந்தால் உரிய ஆளும் தள்ளப்படுவார். மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரலுக்கு இத்தொல்லை அதிகம். ஆகையால் ரேகை பொருந்தாதவரை ஆள்மாறாட்டக்காரரென்று கிராம அதிகாரிகள் கருதலாகாது. விரலைக் கழுவித் துடைத்து, வேறு விரலை வைக்கச் செய்க. பதிவின்போது பத்து விரல்களும் எடுக்கப்படுகின்றன. கருவிழியும் பதிவில் உண்டு; அது மண்வெட்டி பிடிப்பதில்லை. பிரதம மந்திரி கிசான் உதவித்தொகைக்கு, 2023-ம் வருஷம் முதல் கைப்பேசியில் முகத்தைக் காட்டிச் சரிபார்க்கும் வழியும் ஏற்பட்டுள்ளது.