நாலாவது மாதம்தான் சோதனை

சர்க்கரை நோய் என்று தெரிந்த முதல் மூன்று மாதம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பயமே நடக்க வைத்துவிடும். விடிகாலையில் வாக்கிங், காபியில் சர்க்கரை கிடையாது, ராத்திரிக்குச் சப்பாத்தி. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி ஒன்பதிலிருந்து ஏழுக்கு இறங்கும். சறுக்கல் அங்கேதான் தொடங்குகிறது. "அதான் நார்மலுக்கு வந்துடுச்சே" என்று மாத்திரை நிற்கும். ஐப்பசி மழையில் நடை நிற்கும். மிச்சத்தைத் தை மாதக் கல்யாணப் பந்திகள் பார்த்துக்கொள்ளும்.

இதை மனஉறுதி இல்லாதவர்களின் கதை என்று ஒதுக்க முடியாது. பிரிட்டனில் நடந்த 'டைரெக்ட்' ஆய்வில், கடுமையான உணவுக் கட்டுப்பாட்டால் எடை குறைக்கும் திட்டத்தில் சேர்ந்தவர்களில் 46 சதவீதம் பேருக்கு முதல் ஆண்டு முடிவில் மருந்தில்லாமலே சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. இரண்டாம் ஆண்டில் அது 36 சதவீதமாகக் குறைந்தது. பக்கத்திலேயே ஆலோசகர்கள் இருந்தும் இந்த நிலை. எனவே சறுக்கும் என்று வைத்துக்கொண்டே திட்டமிட வேண்டும். மழைக்காலத்தில் நடை எங்கே? மொட்டை மாடியிலா, வீட்டு ஹாலிலா? வாரம் 150 நிமிடம் என்ற கணக்கைப் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்தாலும் பலன் உண்டு.

சாப்பாட்டு விஷயத்தில் வீடுகள் செய்யும் பெரிய தப்பு, 'அப்பாவுக்குத் தனியா' சமைப்பது. சமைப்பவருக்கும் சலிக்கும், சாப்பிடுபவருக்கும் சலிக்கும். எல்லார் தட்டிலும் சோறு குறைந்து பொரியலும் கூட்டும் சுண்டலும் கூடினால்தான் அது வருஷக்கணக்கில் நிற்கும், பிள்ளைகளுக்கும் நல்லது. கேழ்வரகுக் கஞ்சி எவ்வளவு குடித்தாலும் ஏறாது, நாட்டுச் சர்க்கரையும் கருப்பட்டியும் பரவாயில்லை என்பதெல்லாம் நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் சமாதானம். ரத்தத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

இன்னொரு ஆபத்து பலருக்குத் தெரிவதில்லை. உணவைக் குறைத்து நடையைக் கூட்டியவர்கள் பழைய அளவிலேயே இன்சுலினையோ சில வகை மாத்திரைகளையோ தொடர்ந்தால் சர்க்கரை சட்டென்று தாழும். வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்து அளவு 70க்குக் கீழே போனால் உடனே 15 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடித்து, கால் மணி நேரத்தில் மறுபடி பார்க்க வேண்டும். மருந்தைக் குறைப்பது மருத்துவர் கையில்தான். விரதம் இருப்பதானாலும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

சலிப்பு வரும் நேரம் பார்த்து விளம்பரமும் வரும்: 'சர்க்கரையை வேரோடு குணப்படுத்துகிறோம்.' நீரிழிவைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே ஆறு மாதம் வரை சிறை உண்டு. மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் புகார் கொடுக்கலாம். அந்த விளம்பர மருந்தை நம்பி இன்சுலினை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

செலவுதான் காரணம் என்றால் வழி இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பதிந்தவர்களுக்கு அது வீட்டுக்கே வருகிறது. 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும் விலை குறைவு.

மருத்துவக் காப்பீடு எடுக்கும்போது சர்க்கரையை மறைக்காதீர்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் 36 மாதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது 2024 முதல் விதி. மறைத்தது தெரிந்தால் அவசர நேரத்தில் பணம் கிடைக்காமல் போகலாம்.

சர்க்கரை கட்டுக்குள் இருந்தாலும் வருஷத்துக்கு ஒருமுறை கண்ணின் விழித்திரை, சிறுநீரில் புரதம், பாத உணர்ச்சி மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால்தான் எழுதித் தருவார்கள் என்ற நிலை பல இடங்களில் இருக்கிறது.